பதினொன்று, கால்

வயிரவனுக்கு ஐந்தரை வயது.
அந்த அரையை விட்டுவிட்டுச் சொன்னால் கோபித்துக்கொள்வான்.
உமையாளுக்கு ஒன்பது.
எதையும் நோட்டில் எழுதிவைத்துத்தான் செய்வாள்.

தேனம்மை காலை ஏழேகால் பஸ்ஸில்
தேவகோட்டைக்குப் பயிற்சி வகுப்புக்குக் கிளம்பும்போது
மூன்று சொல்லிவிட்டுப் போனாள்:
பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்காதீங்க,
மத்தியானம் தூங்க வைங்க,
அடுப்பில் எதுவும் வித்தை காட்டாதீங்க.
மூன்றில் ஒன்றைக் காப்பாற்றினேன்.

ஐப்பசி மழை. செக்காலை ரோட்டில்
குடைகள் மட்டும் நடந்துபோயின.
பத்து மணிக்குக் கரண்டும் போனது.
"இப்ப என்ன செய்றது அப்பச்சி?"
என்று நாலாம் தடவை கேட்டவனிடம்
வாய் தவறிச் சொல்லிவிட்டேன்,
சீப்புச் சீடை.

அதற்குமுன் நான் அதைச் செய்ததில்லை.
தின்றிருக்கிறேன், படி படியாய்.

பச்சரிசி மாவு, வறுத்தரைத்த உளுந்து மாவு,
தேங்காய்ப்பால் பிழிந்தது உமையாள்
(முழங்கை வரைக்கும் பால்).
முதல் பிசைவு கூழாகிவிட்டது.
மாவு சேர்த்தோம், உதிர்ந்தது.
பால் சேர்த்தோம், ஒட்டியது.
இரண்டு பேருக்கென்று தொடங்கியது
கல்யாணச் சீருக்குக் காணும் என்கிற அளவுக்கு வளர்ந்தபோது
ஒருவழியாய்ப் பதம் வந்தது.

அச்சிலிருந்து கோடு கோடாய் இறங்கிய பட்டையை
விரல் நீளத்துக்கு நறுக்கி
விரலைச் சுற்றி வளைத்து
நுனியோடு நுனி ஒட்டிக் கழற்ற வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.
ஆளுக்கொரு விரல், விரலுக்கொரு அளவு.
என்னுடையது ஆட்காட்டி விரல்.
உமையாளுடையது மோதிர விரல், அதுதான் முறை என்றாள்.
வயிரவன் சுண்டு விரலில் சுற்றியது
எறும்புக்குத்தான் வளையல் ஆகும்.

சீடை வெடிக்கும் என்று எங்கோ கேட்ட ஞாபகம்.
பிள்ளைகளைக் கூடத்துக்கு விரட்டிவிட்டு
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு
கண்ணாடியை இறக்கிவிட்டு
எண்ணெய்ச் சட்டியின் முன் நின்றேன்.

மோட்டார் ஓடாது, தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள்
என்று சொல்ல மாடியேறி வந்த
கீழ்வீட்டுச் சிகப்பி
கையில் ஜல்லிக்கரண்டி, தலையில் ஹெல்மெட் என்று என்னைப் பார்த்துவிட்டு
"எங்கேயும் கிளம்புறீங்களாண்ணே?" என்றாள்.
"சீடை சுடுறேன்."
ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனாள்.
ஐந்து நிமிடத்தில் அவள் மகன் நாச்சியப்பன்
வேடிக்கை பார்க்க வந்து
அவனும் ஒரு விரலை நீட்டினான்.

ஒன்றுகூட வெடிக்கவில்லை.
எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கூடத்தில்தான் வெடித்தது:
"அப்பச்சி! இவன் கால் கட்டைவிரல்லே சுத்துறான்!"
"கழுவிட்டுத்தான் சுத்தினேன்!"
தரையில் ஈரப் பாதங்கள் சாட்சி சொல்லின.
நான் எடுத்துப் போட்டுவிட நினைத்தேன்.
அதற்குள் அது தட்டோடு வந்து
மற்றதோடு எண்ணெயில் இறங்கிவிட்டது.
கொதிக்கிற எண்ணெய்க்குக் கையென்ன காலென்ன.

ஆறு மணிக்கு நனைந்து வந்தாள் தேனம்மை.
மேடையில் மாவு, ஜன்னலில் மாவு,
எப்படியோ காலண்டரிலும் மாவு.
வாயைத் திறக்கப் போனவளிடம்
உமையாள் டப்பாவை நீட்டினாள்.
ஒவ்வொன்றாய் எடுத்து
துளையில் விரலை விட்டுப் பார்த்து
இது உன்னது, இது அவன், இது அப்பச்சி என்று
சரியாகவே சொன்னாள்.
பிறகு அடியில் கிடந்த
அந்தப் பெரிய வளையத்தை எடுத்தாள்.

"இது உங்க கட்டைவிரலா?"

நான் உமையாளைப் பார்த்தேன்.
உமையாள் மழையைப் பார்த்தாள்.
கடித்துவிட்டாள்.
"இதுதான் நல்லா மொறுமொறுன்னு வந்திருக்கு."

கை துடைத்துக்கொண்டே நோட்டைப் புரட்டினாள்:
அப்பச்சி பதினாறு. நான் இருபத்திரண்டு.
நாச்சியப்பன் ஐந்து, ஒன்று உடைந்தது.
வயிரவன் பதினொன்று, கால்.

"பதினொன்றேகாலா? அது என்னடி கால் சீடை?"

"கொஞ்சூண்டு மாவு மிச்சம் இருந்துச்சு ஆத்தா."

அரை வயதை விட்டுக்கொடுக்காதவன்
காலைப் பற்றி வாயே திறக்கவில்லை.
இரண்டையும் மடக்கி
அடியில் போட்டு உட்கார்ந்திருந்தான்.